வேலி தாண்டிய மஞ்சள் பூ

எட்னா ரெட்ஃபர்னுக்கும் பக்கத்து வீட்டு நார்மன் டன்க்லிக்கும் ஆறு வருஷமாக ஆகாது. காரணம் ஒரு பூச்செடி. எட்னா மொட்டுக்கு வலைத்துணி கட்டித் தேனீயை விரட்டி, தூரிகையால் மகரந்தம் தொட்டு வைத்து, விதை முளைத்துப் பூக்க மும்மூன்று வருஷம் காத்திருந்து உண்டாக்கிய மஞ்சள் தவக்கால ரோஜா, ஒரு பிப்ரவரியில் நார்மன் தோட்டத்திலும் தலையைக் குனிந்துகொண்டு பூத்தது. ரோஜா என்பது பெயரில்தான்; ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பூக்கும் வேறு ஜாதிச் செடி அது. திருடன் என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். எறும்பு இழுத்து வந்த விதை என்றான் அவன். அந்த விதையில் ஒட்டியிருக்கும் கொழுப்பென்றால் எறும்புக்கு உயிர். வேலி பார்த்தா நடக்கும்? இது எட்னாவுக்கும் தெரியும். தெரிந்தால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சட்டமா என்ன?

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு மறுநாள் காலை, அவன் பூ தன் பூவைவிடப் பெரிதா என்று வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். பூவைப் பார்க்கவில்லை. இலையில் நரம்போடு நரம்பாகக் கறுப்புக் கோடுகள் ஓடியிருந்தன.

"நார்மன்! இங்க வா!"

டீக் கோப்பையோடு வந்தான். "அடடே, மகாராணி வாயத் திறந்துட்டாங்க. இன்னைக்கு எதைத் திருடிட்டேன்?"

"அந்த மஞ்சச் செடிய வேரோட தோண்டி எரிச்சுடு."

"ஆறு வருஷமா கேட்டதையே வேற தினுசா கேக்குற. இந்த ஜாதியே துருக்கி மலைக்காட்டுல ஆடு மிதிச்சுக் கெடந்த செடி. என்னமோ நீ பெத்துப் போட்ட மாதிரி!"

"அதுக்குக் கருஞ்சாவு நோய் வந்திருக்குய்யா. மருந்து கெடையாது. சாறு உறிஞ்சுற அசுவினிப் பூச்சி இதுல குடிச்சுட்டு அடுத்த செடியில போய் வாய வைக்கும்."

"பனி பட்டிருக்கும். ஞாயித்துக்கெழமை உன் தோட்டத்தப் பாக்க வர்ற கூட்டம், இந்தப் பக்கம் இருக்குறதுதான் அழகுன்னு சொல்லிடுமோன்னு வயித்தெரிச்சல் உனக்கு. அது சீக்குன்னு உனக்கெப்படித் தெரியும்?"

தவக்காலத்து முதல் ஞாயிறு, ஊர்த் தேவாலயத்தின் கூரைச் செலவுக்காக எட்னா தன் தோட்டத்தைத் திறந்துவிடுவாள். சுற்று வட்டாரமே வந்து, மண்ணில் முட்டி போட்டு, குனிந்த பூவின் முகத்தை விரலால் தூக்கிப் பார்த்து வாய் பிளக்கும். ஹெரிஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் அவளுக்கு இருந்த பெயரெல்லாம் அதுதான். நோய் வந்த தோட்டம் என்று தெரிந்தால் விலைக்கு வைத்த ஒரு தொட்டியைக்கூட யாரும் கையில் தொடமாட்டார்கள். பயமாக இருந்தது. போயும் போயும் இவன் முன்னால் பயப்படுகிறோமே என்பது அதைவிட எரிச்சலாக இருந்தது.

"போன வருஷம் எனக்கு வந்துச்சு," என்றாள். "ஒம்பது செடி. எரிச்சேன்."

"சருகு எரிக்கிறேன்னு சொன்ன."

"சருகு இல்ல."

நார்மன் கோப்பையைக் கீழே வைத்தான். முட்டி போட்டு, வரிசையாக ஒவ்வொரு இலையாகப் புரட்டிக்கொண்டே போனான். கடைசியில் இருந்தவை அதே ஜாதி வெள்ளைப் பூக்கள்; போன இலையுதிர் காலத்தில் செத்துப்போன அவன் மனைவி பெக்கி நட்டவை. அங்கே வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

"பெக்கியோடதுலயும் இருக்கு," என்றான். குரல் உயரவில்லை, அதுதான் எட்னாவுக்குத் தாங்கவில்லை. "திருடன்னு கத்துனப்போ தெருவே கேட்டுச்சு. இத மட்டும் எப்படி எட்னா வாய்க்குள்ளயே வெச்சுக்கிட்ட? அப்பவே சொல்லியிருந்தா அந்த மஞ்சச் செடியோட நின்னுருக்கும், பெக்கியோடது பொழச்சிருக்கும்."

அவன் கொட்டகையிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்து, முதலில் வெள்ளைச் செடியின் அடியில் இறக்கினான்.

"நானும் வந்து தோண்டுறேன்."

"காலை இந்தப் பக்கம் வெச்சுப் பாரு, தெரியும்."

எட்னா வாசலுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைக்கான அறிவிப்புப் பலகையில் இருந்ததை அடித்துவிட்டு, 'செடிகளுக்கு நோய், யாரும் வர வேண்டாம்' என்று எழுதினாள். திரும்பி வந்தபோது நார்மன் மூன்றாவது வெள்ளைச் செடியைத் தோண்டிக்கொண்டிருந்தான்.

"யாரும் வர வேணாம்னு வாசல்ல எழுதிட்டேன்."

"நல்லது. இனிமே சாகுற வரைக்கும் என்கிட்ட பேசாத."

"சரி," என்றாள் எட்னா. இந்த ஆறு வருஷத்தில் அவன் சொன்ன ஒன்றுக்கு அவள் சரி என்றது அதுதான் முதல் தடவை.