உயிரோடிருப்பவர்களின் சீட்டு

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தபடி தத்யானா கோயிலில் செபத்தின்போது வாசிக்கக் கொடுக்கும் பெயர்ச் சீட்டை எழுதி முடிக்கக் கால் மணி நேரம் எடுத்தது. மகன் பெயர், ரஷ்யாவில் சரத்தோவ் நகரத்திலிருக்கும் தங்கையின் பெயர், தங்கையின் பிள்ளைகள் இருவர். ஐந்தாவதாகக் கணவன் பெயரை எழுதும்போது பேனா இரண்டு தரம் வழுக்கியது. சம்பந்தி பேர்பெச்சுவா தாளை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு நீ இதைக் கொண்டு எங்கட கோயிலுக்குப் போ. சுவாமியார் என்ர மனுசன் பிளகோயாவின்ர பெயரை வாசிக்கிறாரோ எண்டு கேட்டு வந்து சொல்லு. போனில கெஞ்சினனான். பாப்பம் எண்டவர்."

இரண்டு பேரும் பேசுவது ஆளுக்கொரு விதமாய் உடைந்த ஜேர்மன். ஒன்பது வருடச் சம்பந்தம். பேர்பெச்சுவாவின் காதில் அது தமிழாகவே விழும். அவளுடைய மகள் நடாலியைக் கலியாணம் முடித்தது, தத்யானா ரஷ்யாவிலிருந்து சிறுவயதில் கூட்டிவந்த மகன் ஸ்டெபான். டோர்ட்மண்டில் இரண்டு வீட்டுக்கும் இடையில் நான்கு பஸ் தரிப்பிடம். மீன்குழம்பு அங்கே போகும். பீட்ரூட் சூப் இங்கே வரும்.

பிளகோயா மசிடோனியாக்காரன். ஜேர்மன் படிக்கிற வகுப்பில் முதல்நாள் எழும்பி நின்று, தான் ஸ்கோப்யே நகரத்தவன் என்று சொன்னபோது, பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு ரஷ்யப் பெண், "என்ர அப்பா அங்க கல்லு அள்ளினவர்" என்றாளாம். அறுபத்து மூன்றில் பூமி அதிர்ந்து அந்த நகரம் விழுந்தபோது இடிபாடு அகற்றப் போன சோவியத் சிப்பாய்களில் அவளுடைய தகப்பனும் ஒருவர். சாகும்வரை அவர் அந்த ஊர்த் தூசியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பிளகோயாவின் பெரியம்மா அந்தத் தூசிக்குள்தான் போய்ச் சேர்ந்தவர். இப்படித்தான் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். "எங்கட ஒஹ்ரிட் ஏரிக்கரையில இருந்த துறவியள் உங்களுக்கு எழுத்துக் குடுக்காட்டி நீங்கள் இண்டைக்கும் கைநாட்டுத்தான்" என்று பிளகோயா சீண்டுவான். "அந்த எழுத்திலதான் உன்ர பெயரை எழுதிறன், பேசாமல் இரு" என்பாள் தத்யானா.

எழுதினாள்தான். வாசிக்கத்தான் ஆளில்லை. இரண்டு சனத்துக்கும் பூசை ஒரே பழைய மொழியில். சிலுவை போடுவதும் ஒரே மாதிரி. ஆனால் மசிடோனியத் திருச்சபை அறுபத்தேழில் தனியே பிரிந்துபோனது. பிரிந்தவர்களை மற்றவர்கள் தங்களோடு சேர்ப்பதில்லை. ரஷ்யக் கோயிலின் பழைய சுவாமியார் கலியாணத்துக்குப் பிந்திய முதல் ஞாயிறே தத்யானாவிடம் சொல்லிவிட்டார்: உன் கணவன் வரலாம், மெழுகுதிரி கொளுத்தலாம், நற்கருணை இல்லை, செபச்சீட்டில் பெயர் இல்லை. அதன்பிறகும் இருபத்து நான்கு வருடம் அவள் ஞாயிறு தவறாமல் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தாள். சுவாமியார் ஞாயிறு தவறாமல் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இழுப்பார். "எழுதிறது என்ர வேலை. வாசிக்கிறது அவற்ற வேலை" என்று அவள் ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னபோது, பேர்பெச்சுவா அவள் கண்ணைப் பார்க்காமல் பாத்திரம் கழுவினாள். தன் கணவனின் பெயரை எந்தக் கோயிலிலாவது ஒருவர் வெட்டியிருந்தால் தான் அந்தப் படி ஏறியிருக்கமாட்டேன் என்று நினைத்தாள்.

கோயில், மூடப்பட்ட ஒரு பட்டறைக்குப் பின்னால் இருந்தது. புதுச் சுவாமியார் வயது குறைந்தவர், மெலிந்தவர். பேர்பெச்சுவா முக்காடு போட்டுத் தூணருகே நின்றாள். மார்ச் மாதம், உக்ரைனில் யுத்தம் தொடங்கி மூன்று கிழமை. சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றது. பெயர்கள் வரத் தொடங்கின. ஸ்டெபான் வந்தது. தங்கை ஒல்கா வந்தது. பிள்ளைகள் இருவரும் வந்தார்கள். பிறகு ஒரு மூச்சளவு இடைவெளி. அடுத்து வந்தது வேறு யாரோ வீட்டுப் பெயர். அவள் கடைசிச் சீட்டு முடியும்வரை காத்து நின்றாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரி வாசலில் வெகுநேரம் நின்றாள். மேலே போனபோது தத்யானா விழித்திருந்தாள்.

"வாசிச்சவரோ?"

"ஓம்," என்றாள் பேர்பெச்சுவா. "வாசிச்சவர்."

"வடிவாக் கேட்டனியோ?"

"வடிவாக் கேட்டனான். பிளகோயா எண்டு."

தத்யானா கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் அவ்வளவு நாளாய் இறுகிக் கிடந்த ஏதோவொன்று இளகியது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய்விட்டாள். ரஷ்ய விமானங்கள் நின்றுபோயிருந்ததால் தங்கை வரவில்லை. அடக்கத்தை ஸ்டெபான் பிடித்திருந்த கைப்பேசியில் பார்த்து அழுதாள்.

அடக்கம் முடிந்து வீடு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது பேர்பெச்சுவா தன் கணவனிடம் சொன்னாள்.

"சாகக் கிடந்த மனிசிக்குப் பொய் சொல்லிப்போட்டன்."

சூசைதாசன் அவளுடைய கோட்டை வாங்கி மாட்டினார். "வேற என்னத்தைச் சொல்லுறது," என்றார்.

ஆகஸ்ட் முடிவில் பிளகோயா தொலைபேசி எடுத்தான். முதலில் அழுகைதான் கேட்டது.

"சேந்திட்டினம்! ஐம்பத்தைஞ்சு வரியம்! மற்றவை முதலே சேத்தவை. இப்ப மொஸ்கோவும் எங்கட திருச்சபையைச் சேத்திட்டுது. சுவாமி ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னவர். நீயும் வா."

காரில் போகும்போது அவன் புதிதாகச் சவரம் செய்த கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். தாடையின் கீழே இரண்டு இடத்தில் வெட்டுக்காயம்.

"இது ரெண்டாந்தரம்," என்றான்.

"என்ன?"

"என்ர பெயர் வாசிக்கிறது. மார்ச்சில ஒருக்கா வாசிச்சவர்தானே. நீ வந்து சொன்னதெண்டு தத்யானா சொன்னவள். அண்டைக்குப் பின்னேரம் எனக்கு அதையே திரும்பத் திரும்பச் சொன்னவள். சட்டத்தை மீறி வாசிச்சிருக்கிறார் அந்த மனுசன்."

பேர்பெச்சுவா யன்னல் பக்கம் திரும்பினாள். இப்போது சொல்லிவிடலாம். வாயைத் திறந்தாள். அவன் பாட்டு முணுமுணுப்பது கேட்டது, மூடிக்கொண்டாள்.

கோயில் மேசையில் பிளகோயா தானே இரண்டு சீட்டு எழுதினான். உயிரோடிருப்பவர்களுக்கான சீட்டில் தன் பெயர். இறந்தவர்களுக்கான சீட்டில் மனைவியின் பெயர். சுவாமியார் முதலாவதை வாசித்தபோது குரல் சற்று உயர்ந்தது. பிளகோயா என்ற சொல் கூரை வரை போனது. அவன் பழக்கதோஷத்தில் பக்கத்தில் நிற்பவளைப் பார்க்கத் தலையைத் திருப்பினான். அங்கே பேர்பெச்சுவா நின்றாள். பிறகு தத்யானாவின் பெயர் வந்தது.

பூசை முடிந்தது. "நில், ஒரு சொல்லு சொல்லிப்போட்டு வாறன். மார்ச்சுக்கு நன்றி சொல்லவேணும்," என்றான்.

"பிளகோயா அண்ணை..." என்றாள். ஜேர்மனில் அப்படியொரு சொல் இல்லை, தமிழிலேயே வந்துவிட்டது. அவன் அதற்குள் சனத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டான்.

தூணருகே நின்று அவள் பார்த்தாள். பிளகோயா சுவாமியாரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து முத்தமிட்டான். தூண் பக்கம் தலையால் காட்டி ஏதோ சொன்னான், நீளமாகச் சொன்னான். சுவாமியாரின் மெலிந்த முகம் மெல்ல மெல்ல வெளிறியது. குனிந்திருந்த அந்த நரைத்த தலைக்கு மேலாக அவர் நிமிர்ந்து, ஆட்களுக்குள் யாரையோ தேடி, கடைசியில் பேர்பெச்சுவாவைக் கண்டார். அவருடைய வாய் பாதி திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு கிழவி எரிந்து தீராத மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாக ஊதி வாளிக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.