மேல்வரிசைக்குப் பின்னால் ஒரு கம்பி

1

இந்தக் கதை ஒரு பல் மருத்துவரின் கதவிடுக்கு வழியாக வந்தது. நான் வெளியே காத்திருந்தேன். என் பல்செட் சட்டைப்பையில் காத்திருந்தது. உள்ளே ஒரு பெண், "கம்பிய மட்டும் எடுத்துடாதீங்க டாக்டர்" என்றாள். கேட்டது அவ்வளவுதான். மீதி முழுக்க என் கைச்சரக்கு. அந்தக் குரலுக்குக் காத்திருப்பு அறையின் நாற்காலிகள் எல்லாம் எழுந்து நின்றன என்று எழுதினாலும் மறுக்க யார் இருக்கிறார்கள்?

2

முதல் தொடக்கம்: "பற்களைக் கட்டிப்போட்ட கம்பி ஒரு பெண்ணின் வாழ்க்கையையும்—"

வேண்டாம். மேடைப்பேச்சு வாடை அடிக்கிறது.

இரண்டாவது: அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்பவள். சின்ன வயதில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. (எவ்வளவு? சரக்கு ரயிலே போய்வரலாம். சரி, ஒரு தீக்குச்சி போகும்.) 'ச' வரும் இடமெல்லாம் காற்றும் கூடவே வந்தது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் 'விசில்'. முப்பது வயதைத் தாண்டி, சொந்தச் சம்பளத்தில் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்டாள். கிளிப்பைக் கழற்றிய அன்று, பற்கள் பழைய இடத்துக்கே ஓடிப்போகாமல் இருக்க, அவற்றின் உட்புறத்தில் மெல்லிய கம்பி ஒன்றை மருத்துவர் ஒட்டினார். அதற்குப் பிறகுதான் குரல் தேர்வில் தேறினாள். இப்போது அவள் தாமதத்தை அறிவித்தால் ரயிலுக்கே வெட்கம் வந்து வேகமெடுக்கும்.

இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

(இவளைப் பற்றி ஒரு சந்தேகம்.) இவ்வளவு பாடுபட்டவள் ஈறைக் கெட விடுவாளா? விடுவாள். கவனம் கூடிப்போனதால்தான் விட்டாள். ஒருநாள் கம்பிக்கு அடியில் நூல் விட்டுச் சுத்தம் செய்தபோது எச்சிலில் ரத்தம் தெரிந்தது. இன்னும் இழுத்தால் கம்பி பிய்ந்துவிடும் என்று பயந்து அந்த இடத்தைத் தொடாமல் விட்டாள். தொடாத இடத்தில் பற்காரை படிந்தது. காரையால் ஈறு வீங்கியது. வீக்கத்தால் ரத்தம் கூடியது. ரத்தத்தைப் பார்த்து அவள் இன்னும் தள்ளி நின்றாள். கம்பியைக் காப்பாற்றினாள், கம்பி எதைப் பிடித்துக்கொண்டிருந்ததோ அதைக் கோட்டைவிட்டாள்.

[பக்க ஓரத்தில் எழுதியது: ஈறு பெரும்பாலும் வலிக்காது. வலித்திருந்தால் எனக்குக் கதையே கிடைத்திருக்காது.]

வாயிலிருந்து வந்த வாடையைக் கணவர் அவளிடம் சொல்லவில்லை. பேசும்போது கொஞ்சம் தள்ளி உட்காரப் பழகிக்கொண்டார். மருத்துவரிடம் போகலாம் என்று மட்டும் நச்சரித்தார். கம்பியே போனாலும், விசிலே திரும்பி வந்தாலும் தனக்கு ஒன்றுமில்லை என்றார்.

"உங்களுக்கென்ன, நீங்க ஒருத்தர் கேக்கறீங்க. என்னை ஊரே கேக்குது."

4

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. கருவியின் காம்பால் முன்பல்லை லேசாக அழுத்தினார். பல் அசைந்தது. கண்ணாடியை அவள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

"தினமும் நூல் விடறீங்களா?"

"விடறேன்."

"உங்க ஈறு அப்படிச் சொல்லலையேம்மா."

அவள் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள்.

போன தடவை சுரண்டி எடுத்த காரை மறுபடி ஏறிவிட்டது, அடியில் எலும்பும் குறைந்துவருகிறது என்றார் மருத்துவர். கம்பியை எடுத்தால் ஒழுங்காகச் சுத்தம் செய்யலாம், ஈறு தேறும். அதற்குப் பதில் இரவில் பல்லின்மேல் மாட்டிக்கொள்ள ஓர் உறை தருவார்.

"தவறாம மாட்டினா பல்லு பெரும்பாலும் அப்படியே நிக்கும்."

"பெரும்பாலுமா?"

"நான் டாக்டர்மா. ஜோசியம் பாக்கறதில்ல."

மறுபடி விசிலடித்தால் மைக்கிலிருந்து எடுத்து டிக்கெட் கவுன்டரில் போட்டுவிடுவார்கள் என்று அவள் சொன்னாள். பிறகுதான் நான் கேட்ட அந்த வாக்கியம் வந்தது. மருத்துவர் கையுறையைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கம்பி இருக்கும். பல்லு இருக்காது. அந்த இடைவெளிய வச்சு என்ன பேசுவீங்க?"

இந்த வரியை வேடிக்கைக்காகத்தான் எழுதினேன். எழுதிய பிறகு சிரிப்பு வரவில்லை.

5

முடிவு ஒன்று: கம்பி போகிறது, ஈறு ஆறுகிறது, பல் மலைபோல நிற்கிறது, அவளுக்குப் பதவி உயர்வும் வருகிறது. (எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: கம்பி இருக்கிறது. பிறகு ஒருநாள், அறிவிப்பின் நடுவே, மைக்குக்கு முன்னால் மேசைமேல் ஒரு—

இதை முடிக்க மாட்டேன். பூனையை யானையாக்குவதற்கு நான் தயங்கியதே இல்லை. ஆனால் இதில் ஊதிப் பெரிதாக்க ஒன்றுமே இல்லை.

6

நாற்காலி பின்னால் சாய்ந்தது. விளக்கு அவள் முகத்துக்கு நேரே வந்தது.

"வாயத் திறந்துட்டா பேச முடியாது. வேண்டாம்னா இடது கையத் தூக்குங்க. நிறுத்திடுவேன். தூக்கலைன்னா எடுத்துடுவேன். சரியா?"

அவள் தலையசைத்தாள். நாக்கு ஒருமுறை கம்பியை ஓரத்திலிருந்து ஓரம்வரை தடவிப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்தாள். குரலை வைத்துப் பிழைப்பவளுக்கு இப்போது பேச மிச்சமிருப்பது ஒரு கை.

அந்தக் கை நாற்காலியின் பிடியில் கிடக்கிறது. விரல்கள் இறுகுகின்றன, தளர்கின்றன. நானும் தூக்கிப் பார்த்தேன், அமர்த்திப் பார்த்தேன். இரண்டு முறையும் அது என் கையாகவே இருந்தது. ஆகவே உங்களிடம் தருகிறேன்.

தூக்குவதானால் இப்போதே. கருவி பல்லைத் தொட்டுவிட்டது.