பக்கத்து இருக்கை

டயாலிசிஸ் முடிந்து கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவள், வாசலில் நின்ற கறுப்பு வண்டியைப் பார்த்ததும் கைப்பையைத் திறந்து எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மிட்டாயாக இருக்கும் என்று வண்டிக்குள் இருந்தவன் நினைத்தான். அவ்வளவு நேரம் இயந்திரத்தோடு கிடந்தவளுக்கு வாய் கசக்காதா. இறங்கிப் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். தாழ்வான வண்டி. அதில் உட்காருவதென்றால் ஏறக்குறையத் தரையில் இறங்குவது மாதிரிதான். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் கதவின் மேல்விளிம்பைப் பற்றி, அவள் மெல்ல உள்ளே இறங்கினாள்.

"கெளம்பலாமா டிரைவரே?"

"உத்தரவு முதலாளியம்மா."

கல்யாணமான புதிதில் தொடங்கிய விளையாட்டு இது. அப்போது அவனிடம் இருந்தது யாரோ ஓட்டித் தள்ளிவிட்ட ஒரு பெட்ரோல் கார். ஞாயிற்றுக்கிழமை ஊர் எழுந்திருக்கும் முன்பே மலைப்பாதைக்குக் கிளம்பிவிடுவார்கள். அவன் ஓட்டுவான், அவள் வளைவுகளைச் சொல்லிக்கொண்டு வருவாள். "இடது, நல்லா வளையுது, லாரி வருது, பொறு." மற்றவர்களின் பெண்டாட்டிகள் வேகத்தைக் குறை என்று கத்துவார்களாம், இவளோ ஒரு வளைவை அவன் பயந்து எடுத்தால் அன்று முழுக்கக் கேலி செய்வாள். ஆண்டுக்கணக்கில் தயங்கி, கடைசியில் இந்த மின்சார வண்டியை அவன் வாங்கியதும் அவள் பிடித்துத் தள்ளியதால்தான். இன்ஜின் சத்தம் இல்லாத வண்டி ஒரு வண்டியா என்று ஒரு வாரம் துக்கம் கொண்டாடினான். பிறகு ஆளில்லாத சாலையில் ஒரு தடவை முழுதாக அழுத்திப் பார்த்தான். வண்டி போய்விட்டது, மனம்தான் பின்னால் ஓடிவந்து ஏறிக்கொள்ள வேண்டியிருந்தது. அன்றைக்குப் போன துக்கம் திரும்பி வரவில்லை. வேறு துக்கம் வந்தது. வண்டி வந்த அதே ஆண்டில் அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாமா என்று கேட்டதற்கு, இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

"ஒங்க வண்டிக்கும் எனக்கும் ஒரே பொழப்பு," என்பாள். "ஒயர மாட்டிக்கிட்டுப் படுத்துக் கெடந்தாத்தான் மறுநாள் ஓடும்."

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு இரண்டு வழிகள். சிக்னல் சிக்னலாக நின்று போகும் நேர்சாலை ஒன்று. குன்றைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் சாலை இன்னொன்று. அவன் எப்போதும் குன்றுச் சாலையில்தான் அழைத்துப் போவான். பாவம், அவளுக்கும் வேறு என்ன சந்தோஷம் இருக்கிறது என்பது அவன் கணக்கு. மிதியிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாகப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கைத் தொடவே வேண்டாம். வளைவுக்கு முன் காலை எடுப்பது, வளைவின் நடுவில் மறுபடி அழுத்துவது என்று அந்தச் சாலையை அவன் வாசிக்கிற மாதிரி ஓட்டுவான். வீடு வந்ததும் அவள் நேராகப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். அந்த இயந்திரம் மனுஷியைப் பிழிந்து எடுத்துவிடுகிறது என்று அவன் இயந்திரத்தைத் திட்டுவான்.

அவனுடைய வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். லிப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற பொறியாளர். லிப்டின் தரையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து மேலும் கீழும் போய் வருவான். கிளம்பும்போது எவ்வளவு உதறுகிறது, நிற்கும்போது எவ்வளவு உதறுகிறது என்று அந்தப் பெட்டி கோடு போட்டுக் காட்டும். உள்ளே நிற்பவருக்குக் கிளம்பியதே தெரியக்கூடாது என்பான். தெரிந்தால் சான்றிதழ் கிடையாது, எவ்வளவு பெரிய கட்டடமானாலும் சரி.

ஒருநாள் அதே ஆஸ்பத்திரியில் கண் டாக்டரிடம் போனான். பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு, இன்றைக்கு வண்டி தொடக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் மைத்துனன் கூட வந்திருந்தான். சாவி கேட்டு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு யோகம் அடித்தது. இவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். வண்டி வாங்கியதிலிருந்து அந்த இருக்கையில் அவன் உட்கார்ந்ததே இல்லை. வெயில் ஊசியாகக் குத்தியதில் கண்ணை மூடிக்கொண்டான். குன்றுச் சாலை தொடங்கியது. மைத்துனன் மோசமான ஓட்டுநர் இல்லை. இவனைப் பார்த்துப் பழகியவன், இவன் மாதிரியே ஓட்டினான். மூன்றாவது வளைவுக்குள் இவனுக்கு வயிறு தொண்டைக்கு வந்துவிட்டது. எப்போது அழுத்துவான், எப்போது காலை எடுப்பான் என்று உடம்புக்குத் தெரியவில்லை. தலை முன்னால் போனது, பின்னால் போனது. இறுகிய இருக்கை வழியே சாலையின் ஒவ்வொரு பருக்கையும் முதுகுத்தண்டில் ஏறியது.

"நிறுத்துடா மாப்ள."

ஓரத்தில் இறங்கி வாந்தி எடுத்தான். மைத்துனன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான்.

"அந்த மாத்திரைய நீங்களும் ஒண்ணு போட்டுக்கிட்டு ஏறியிருக்கலாம் மாமா."

"எந்த மாத்திர?"

மைத்துனன் முகம் மாறியது. வார்த்தையை விட்டாகிவிட்டது, இனி அள்ள முடியாது. "அக்கா போடுமே. வண்டில ஏறுறதுக்கு முன்னால. வாந்திக்கு. என் கடையிலதான் வாங்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு மாமா," என்றான்.

இவன் சாலையோரக் கல்லில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். இது ஒரு லிப்டாக இருந்தால் முதல் மாடியிலேயே நிராகரித்திருப்பேன் என்று தோன்றியது. ஊரில் யார் யாரோ குலுங்காமல் மாடி ஏற வேண்டும் என்று பெட்டியும் கையுமாக அலைந்தவன், சொந்தப் பெண்டாட்டியை இந்த மாதிரிக் குலுக்கிக் கொண்டுவந்து போட்டிருக்கிறான். அதுவும் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து. அவமானமாக இருந்தது.

அவளிடம் எதுவும் கேட்கவில்லை. சக்கரங்களை மாற்றி மெத்தென்ற டயர்கள் போட்டான். காலை எடுத்ததும் பிடிக்கிற வேகத்தைக் குறைத்து வைத்தான். அலுவலகத்துப் பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்து இருக்கையின் காலடியில் வைத்து, தனியாக ஓட்டி ஓட்டிப் பழகினான். கோடு நேராகும்வரை விடவில்லை. அதன் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து நேர்சாலையில்தான் அழைத்து வந்தான், முட்டைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு போகிறவனைப் போல. சைக்கிள்கள் அவனைத் தாண்டிப் போயின. அவள் டிரைவரே என்று கூப்பிடுவது நின்றுபோயிற்று. நிம்மதியாக வருகிறாள் என்று எடுத்துக்கொண்டான்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் டாக்டர் அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இதயம் தளர்ந்துகொண்டே வருகிறது, இயந்திரத்தை இனி ரொம்ப நாள் தாங்காது, வீட்டில் எல்லோரும் கூட இருந்துகொள்ளுங்கள் என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவளை வண்டியில் ஏற்றினான்.

முதல் சிக்னலில் நின்றபோது அவள் கேட்டாள். "டாக்டர் ஒங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"இல்லையே. ஏன்?"

"கொஞ்ச நாளா இப்படித்தான் ஓட்டுறீங்க."

"ஒனக்குக் கொமட்டுதுன்னு ஒந்தம்பி சொன்னான். அதான். ஏம்மா எங்கிட்டச் சொல்லல? அத்தன நாளா மாத்திரையப் போட்டுக்கிட்டு..."

அவள் கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அவன் மெல்ல நகர்த்தினான்.

"ஆஸ்பத்திரில எல்லாரும் என்னப் பதமாத் தொடுறாங்க. வீட்டுக்கு வர்றவங்க மெதுவாப் பேசுறாங்க. நீங்களும் அப்படித்தான், என் தட்டுல சோறு வைக்கறப்பக்கூட ஒங்க மூஞ்சி எப்படியோ இருக்கும். அந்தக் குன்று ரோட்டுல மட்டும் அது இருக்காது. வளைவுல நீங்க ரோட்டப் பாப்பீங்க, நான் ஒங்களப் பாப்பேன். எனக்கு ஒடம்பு முடியலங்கறதே ஒங்களுக்கு மறந்துபோயிருக்கும். பழைய ஆளா இருப்பீங்க. அதப் பாக்கறதுக்கு ஒரு மாத்திர போட்டா என்ன?"

என்ன செய்தாலும் தப்பாகிவிடுகிறதே என்று அவனுக்கு அழத் தோன்றியது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"நெஜமாவே டாக்டர் ஒண்ணும் சொல்லலல்ல?"

"சத்தியமா இல்லம்மா."

"அப்ப குன்று ரோட்டுல போங்க டிரைவரே. மாத்திர போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

அவன் வண்டியைத் திருப்பினான். வண்டியின் திரையைத் தொட்டு, காலை எடுத்ததும் பிடிக்கிற வேகத்தைப் பழையபடி கூட்டி வைத்தான். ஏற்றத்தில் அழுத்தியதும் அவள் தலை இருக்கையில் சாய்ந்தது. முதல் வளைவை எடுத்தான், சுத்தமாக, ஒரு பிசிறும் இல்லாமல். கைகளுக்கு எல்லாம் நினைவிருந்தது. அவள் தன்னையே பார்க்கிறாள் என்று தெரிந்தது. இத்தனை நாளும் அவள் அப்படிப் பார்த்தது தெரியாமலே ஓட்டியிருந்தான். இப்போது கன்னத்தில் அந்தப் பார்வை படுவது தெரிந்தது. மறந்தவனின் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை. புருவத்தைத் தளர்த்தினான். உதட்டோரத்தில் லேசாகச் சிரிப்பை வரவழைத்தான். இரண்டாவது வளைவில் இன்னும் வேகமாகப் போனான். அது போதாதோ என்று மூன்றாவதில் டயர்கள் கிறீச்சிட எடுத்தான்.

நான்காவது வளைவுக்குள் நுழையும்போது, கன்னத்தில் இருந்த அந்தப் பார்வை இல்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கீழே நழுவிப்போகிற மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல கையை மட்டும் நீட்டி, அவன் தொடையில் வைத்திருந்தாள்.

"இடது," என்றாள், திரும்பாமலே. "நல்லா வளையுது."