அரசாணிக்காய் வேகும் நேரம்

ஆவி இன்னும் கட்டவில்லை, மூடியின் மேலிருக்கும் சின்னக் குமிழ் கீழேயே கிடக்கிறது, உள்ளேயிருந்து தண்ணீர் சூடேறும் முனகல் மட்டும் கேட்கிறது, சுலோசனா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்க்கிறாள், நிமிர்கிறாள், மறுபடி குனிகிறாள், இந்தக் கரண்ட் குக்கரோடு அவளுக்கு இதுதான் தொல்லை, விசில் அடிக்காது, ஒன்று இரண்டு என்று எண்ணி இறக்கிவைக்க வழியில்லை, பொத்தானை அமுக்கிவிட்டால் தானாக வெந்து தானாக அடங்கிவிடும் என்றுதான் கடைக்காரன் சொல்லி விற்றான், ஆனால் தானாக நடக்கிற எதையும் நம்பி உட்கார்ந்திருக்க அவளால் முடிந்ததில்லை, உள்ளே பரங்கி என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்லும் அரசாணிக்காயின் துண்டுகளும் ஒரு கைப்பிடி பாசிப்பருப்பும் கொஞ்சம் சீரகமும், மிளகாய் இல்லை, மிளகு இல்லை, உப்பு பேருக்கு ஒரு சிட்டிகை, புளி பக்கத்திலேயே வரக்கூடாது, அடுத்த அறையில் கட்டில் விளிம்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பூவாத்தாளின் வாய் முழுக்கப் புண்.

பூவாத்தாளை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள், வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது, நாச்சிமுத்து கிணத்துக்கடவுப் பக்கம் ஊரறியக் கட்டிக்கொண்டவள் பூவாத்தாள், கோயம்புத்தூருக்கு வந்து மோட்டார் காயில் கட்டும் பட்டறை போட்ட பிறகு மருதமலையில் நாலு பேரை வைத்துத் தாலி கட்டியது சுலோசனாவுக்கு, அதற்கப்புறம் வாரத்தில் பாதி அங்கே பாதி இங்கே என்று அவர் பஸ்ஸிலேயே வாழ்ந்தார், இரண்டு வீட்டிலும் அவருக்குச் சாப்பாட்டுத் தட்டு இருந்தது, இரண்டு வீட்டிலும் அவர் வரும்வரை ஒருத்தி காத்திருந்தாள், அவர் போய் மூன்று வருஷமாகிறது, அந்த மூன்று வருஷத்தில் இரண்டு பெண்களும் ஒரு வார்த்தை பேசியதில்லை, அதற்கு முன்னால் பேசியது ஒரே ஒரு தடவை, அதையும் பேச்சு என்று சொல்ல முடியாது, விஷயம் தெரிந்த அன்றைக்கு உச்சிவெயிலில் பூவாத்தாள் இந்தத் தெருவுக்கு வந்து நின்றாள், வாசலில் கால் வைக்கவில்லை, என்ற குடியைக் கெடுத்தவளே வெளியே வாடி என்று கூப்பிட்டாள், அந்தக் குரல் இருக்கிறதே, தோட்டத்து வரப்பில் நின்று அடுத்த தோட்டத்தாரைக் கூப்பிட்டுப் பழகிய குரல், மேல்மாடி ஜன்னல்கள் எல்லாம் திறந்தன, சுலோசனா கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு இதே சமையல்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள், காதைப் பொத்தியும் கேட்கிறது, நீ நாசமாப் போயிருவ, நீ நல்லாவே இருக்க மாட்ட, குமிழ் லேசாக அசைகிறது, இல்லை, அது அவளுடைய கண்ணின் அசைவு.

அந்தக் குரல் இப்போது இல்லை. நாக்கின் ஓரத்தில் வந்த கட்டியை வெட்டி எடுத்தார்கள், கழுத்தில் நீளமாகத் தையல் போட்டார்கள், மிச்சமிருப்பதைப் பொசுக்கக் கதிர்வீச்சு, எல்லாரும் சொல்கிற கரண்ட், வைக்க வேண்டும் என்றார்கள், மகன் நந்தகோபால் மஸ்கட்டிலிருந்து வந்து ஆபரேஷன் வரைக்கும் கூட இருந்தான், லீவு முடியப்போகிறது, அவன் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள், அப்போதுதான் அந்த போன், ஏனுங்க, நந்தகோபால் பேசறேனுங்க என்றான், அவளை எந்த முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அந்த ஏனுங்கவிலேயே நின்றான், அம்மா தெனமும் ஆஸ்பத்திரிக்கு வரோணுமுங்க, ஊர்லருந்து வந்து போறதுக்கு அவங்க ஒடம்பு தாங்காதுங்க, உங்க வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கமுங்களே, கேக்கறதுக்கு எனக்கு மூஞ்சி இல்லீங்க. கூட்டிட்டு வாப்பா என்று சுலோசனா சொல்லிவிட்டாள், சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது, சேலைக்கடையில் பில் போடும் வேலைக்கு லீவு சொன்னாள், கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கினாள், சுவரில் மாட்டியிருந்த நாச்சிமுத்துவின் படத்தைக் கழற்றிப் பீரோவில் வைத்தாள், பிறகு அதை மறைத்ததாகப் பூவாத்தாள் நினைத்துக்கொள்வாளோ என்று மறுபடி மாட்டினாள், மறுபடி கழற்றினாள், கார் வந்து நின்ற சத்தம் கேட்டபோது படம் அவள் கையில் இருந்தது.

பூவாத்தாள் தன் தட்டு, தன் டம்ளர், தன் தலையணை எல்லாம் கொண்டுவந்திருந்தாள். இந்த வீட்டுத் தண்ணீரைக்கூட முதலில் குடிக்கவில்லை, நந்தகோபால் வாங்கி அடுக்கிவிட்டுப் போன பாட்டில் தண்ணீர்தான், அப்புறம் கொஞ்சம் மோர், அவ்வளவுதான், கரண்ட் வைக்க வைக்க வாய் உள்ளே வெந்துகொண்டே வந்தது, எச்சில் பசையாகிவிட்டது, எதை வைத்தாலும் இரும்புச் சுவை, சுலோசனா ஆப்பிளைத் தோல்சீவி ஒரு சொட்டு நெய் விட்டு குக்கரில் குழைய வேகவைத்துக் கொண்டுபோனாள், பூவாத்தாள் தலையைத் திருப்பிக்கொண்டாள், பீட்ரூட் சூப் வடிகட்டிக் கொண்டுபோனாள், ரத்தமாட்ட இருக்குது என்று கையால் தள்ளினாள், ஆட்டெலும்பு சூப்பின் வாசனைக்கே குமட்டினாள், நேந்திரம்பழத்தை ஆவியில் வைத்துப் பாலில் கரைத்ததை மட்டும் இரண்டு கரண்டி விழுங்கினாள், பிறகு ஜன்னல் பக்கம் போய்த் துப்பினாள், கொடுக்கிற கை யாருடையது என்பதனாலா, வாயில் இருக்கும் புண்ணினாலா என்று சுலோசனாவுக்குத் தெரியவில்லை, கேட்கவும் முடியவில்லை, தூக்கம் பிடிக்காமல் புரண்டு கண்ணயரும்போது ஒரு கனவு வரும், குக்கருக்குள் பூவாத்தாளின் அந்தப் பழைய குரல் அடைபட்டிருக்கிறது, என்ற குடியைக் கெடுத்தவளே என்று அது உள்ளே கொதிக்கிறது, மூடியைத் திறந்தால் வீடு முழுக்க நிறைந்துவிடும், திறக்காவிட்டால் வெடித்துவிடும், அவள் மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிறாள், விழித்தால் அடுத்த அறையில் பூவாத்தாள் இருமும் சத்தம், எழுந்து போகலாமா வேண்டாமா என்று கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நின்று விடிந்த நாட்கள் உண்டு.

இன்று காலை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள், இப்படியே போனா மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் சாப்பாடு இறக்கணும், இந்த வாரம் பார்க்கிறேன், அப்புறம் கேட்க மாட்டேன் என்று சுலோசனாவைப் பார்த்துச் சொன்னாள், மகள் என்று நினைத்திருப்பாள், அல்லது தங்கை, பூவாத்தாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்பி வரும்போது சிக்னலில் ஆட்டோ நின்றது, தள்ளுவண்டியில் பிளந்து வைத்த அரசாணிக்காய், உள்ளே மஞ்சளும் நாரும் விதையுமாக, பூவாத்தாள் அதையே பார்த்தாள், ஆட்டோ நகர்ந்த பிறகும் கழுத்துத் தையல் இழுக்க இழுக்கத் திரும்பிப் பார்த்தாள், சுலோசனா ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினாள்.

குமிழ் எழும்பிவிட்டது. முனகல் நின்று உள்ளே ஏதோ இறுகுகிறது, நேரம் குறைந்துகொண்டே வருகிறது என்று எண்கள் காட்டுகின்றன, சுலோசனா மத்தை எடுத்து வைத்தாள், வடிகட்டியை எடுத்து வைத்தாள், கழுவிய கிண்ணத்தை மறுபடி கழுவினாள், அப்போது பட்டென்று எல்லாம் நின்றது, எண்கள் போய்விட்டன, ஃபிரிட்ஜ் நின்றது, அடுத்த அறையில் மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது, தெருவில் யாரோ டிரான்ஸ்பார்மர் வேலையாம், ராத்திரிதான் வருமாம் என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள், வெந்திருக்குமா, பாதியில் நின்றதா, சுலோசனா மூடியைத் திருகிப் பார்த்தாள், அசையவில்லை, ஆவி உள்ளே இருக்கும்வரை அது திறக்காது, இன்னும் பலமாகத் திருகினாள், பின்னாலிருந்து காற்றாக ஒரு குரல், வுடு, ஆவி மேல வந்து அடிச்சிரும், பூவாத்தாள் சமையல்கட்டு வாசலில் நின்றாள், இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் இங்கே கால் வைத்ததில்லை, அந்த அறைல காத்து இல்ல என்றாள், ஜன்னலோரம் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

ஆவி அடங்கோணுங்க்கா, தானாத்தான் தொறக்கும் என்றாள் சுலோசனா. பூவாத்தாள் குக்கரைப் பார்த்தாள். எனக்கும் கரண்டு, இதுக்கும் கரண்டு என்றாள், சிரிப்பு என்று சொல்லலாம், உதட்டுப் புண்ணில் தொடங்கி அங்கேயே நின்றுபோனது, வெளியே வெயில், எதிர்வீட்டு மொட்டை மாடியில் காயும் துணிகள், உள்ளே வேகிறதோ வேகவில்லையோ தெரியாத காய், சுலோசனா பாத்திரங்களை நகர்த்தி வைத்தாள், நகர்த்தியதைத் திரும்ப இருந்த இடத்தில் வைத்தாள், சித்தெ நில்லு, என்னத்துக்கு இப்படி அலையறே என்றாள் பூவாத்தாள், டம்ளர் தண்ணீரில் வாயை நனைத்துக்கொண்டாள், பிறகு குக்கரைப் பார்த்தபடியே கேட்டாள், கடைசில எப்படிப் போனாரு.

சுலோசனாவுக்குக் கால் நின்றது. இந்தக் கேள்விக்குத்தான் அவள் மூன்று வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள், குளிக்கும்போது, பில் போடும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, ஆனால் கேட்டவர்கள் யாருமில்லை, காலைல காப்பி குடிச்சாருங்க, குடிச்சுப்போட்டு வேர்க்குதுன்னாரு, சட்டையைப் போட்டுட்டு உக்காந்தாரு, ஒடனே நான் ஆட்டோ கூப்பிட்டேன், என்ற மடிலதான் தலை இருந்துச்சு, மேம்பாலத்துக்குக் கீழ வண்டி நெரிசல், அங்கதான் கண்ணைத் தொறந்து வீட்டுக்குப் போலாம்னாரு, அவ்வளவுதானுங்க்கா, அப்புறம் பேசல. சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டிருக்கலாம், முடியவில்லை, எந்த வீடுன்னு சொல்லலீங்க என்றாள், அது ஒண்ணுதான் எனக்குத் தெரியல, தெனமும் அதையேதான் நெனைக்கறேன், இந்த வீடா, உங்க வீடா.

பூவாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது, அழுகிறாளோ என்று சுலோசனா பதறி ஒரு எட்டு வைத்தாள், அழவில்லை, புண் வலிக்க வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள், அவருக்கே தெரிஞ்சிருக்காது என்றாள், கண்ணின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள், பாவம், அந்த மனுசனுக்கே தெரிஞ்சிருக்காது.

குமிழ் எப்போது விழுந்ததோ, மூடி திருகியதும் திறந்துகொண்டது, அரசாணிக்காய் வெந்து பருப்போடு கலந்து கிடந்தது, சுலோசனா மத்தால் மசித்தாள், வடிகட்டினாள், வெந்நீர் விட்டுத் தளர்த்திக் கிண்ணத்தில் ஊற்றினாள், ஆறட்டும் என்று கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தாள், கையில் வேலை இருந்ததால்தான் கேட்க முடிந்தது, அக்கா, கடைசியா அவருக்கு என்ன கட்டுனீங்க. அவர் போன அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நாச்சிமுத்துவின் தம்பி அவளைத் தடுத்து, நீ ஊருக்கு வர வேண்டாம்மா, பிரச்சினை ஆயிரும் என்று சொல்லிக் பிணவண்டியின் கதவைச் சாத்திவிட்டான், வண்டி போய்விட்டது, கையில் அவருடைய செருப்போடு அவள் நின்றாள், நிற்கிறாள், அதற்கு அப்பால் அவளுக்கு ஒன்றுமே தெரியாது, குளிப்பாட்டினார்களா, எந்தப் பக்கம் தலை வைத்தார்கள், யார் யார் அழுதார்கள்.

பூவாத்தாள் டம்ளரை எடுத்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் தண்ணீரில் வாயை நனைக்க வேண்டியிருந்தது, விட்டு விட்டுச் சொன்னாள், புது வேட்டிதான், சரிகைக்கரை, என்ற அண்ணன் எடுத்தாந்தது, வரும்போது போட்டிருந்தாரே வெள்ளைச் சட்டை, அதைக் கழட்டி என்ற கைல குடுத்தாங்க, ரெண்டாவது பொத்தான் பச்சை நூல்ல தெச்சிருந்துச்சு, வெள்ளைச் சட்டைக்குப் பச்சை நூலு, நான் தெச்சதில்ல. வீட்ல வெள்ளை நூல் தீந்துபோச்சுங்க என்றாள் சுலோசனா, யாரோ காரணம் கேட்டதைப் போல. கத்தரி எடுத்தேன் என்றாள் பூவாத்தாள், அந்தப் பொத்தானை மட்டும் அறுத்து வீசோணும்னு, ரொம்ப நேரம் கைல வச்சுட்டே உக்காந்திருந்தேன், எல்லாரும் அழுதுட்டிருக்கறாங்க, அப்புறம் என்ன தோணுச்சோ, சட்டையை மடிச்சு அவர் நெஞ்சுமேல வச்சேன், பொத்தான் மேல தெரியற மாதிரி, அதோடதான் எரிச்சாங்க.

பிற்பாடு குழாய் போடாமலே கரண்ட் வைத்து முடிந்தது, பூவாத்தாள் ஊருக்குப் போனாள், எடை ஏறியது, இழுவையும் குழறலுமாகப் பேச்சும் கொஞ்சம் திரும்பியது, சுரைக்காய்க்கு எத்தனை நேரம் வைக்கோணும் என்று போனில் கேட்கிறாள், பேரிக்காய் கிடைக்குதா அங்க என்று கேட்கிறாள், அதெல்லாம் பிற்பாடு, இப்போது அந்தப் பகலில் சுலோசனா சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள், கரண்டி கையிலிருந்து விழுந்தது, வழக்கம்போல முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், இந்தத் தெருவில் அவள் அப்படித்தான் அழுது பழகியிருக்கிறாள், யாருக்கும் கேட்காமல், அழ உரிமை இல்லாதவள், பூவாத்தாள் குனிந்து அந்த முந்தானையை இழுத்தாள், விடாமல் இழுத்து வாயிலிருந்து எடுத்தாள், பொத்தாத, சத்தமா அழு, எனக்கும் சேத்து அழு, எனக்குத்தான் சத்தம் வரமாட்டேங்குதே என்றாள், அவ்வளவுதான், மூன்று வருஷம் தொண்டைக்குள் கிடந்தது வாய்விட்டு வெளியே வந்தது, எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, மேல்மாடியில் யாரோ என்னாச்சு என்றார்கள், பூவாத்தாள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி அவர்களைப் போகச் சொன்னாள், தரையில் கிடந்த கரண்டியை எடுத்துத் தன் சேலையில் துடைத்தாள், கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள், சுலோசனா அழுதுகொண்டிருக்க, பூவாத்தாள் ஒவ்வொரு கரண்டியாக எடுத்து, வலிக்கு முகம் கோணி, விழுங்கிக்கொண்டிருந்தாள்.