இருபது சென்டிமீட்டர்

நளீருடைய புல்வெட்டி வண்டி நாலாவது தடவையாகக் கேற்றுத் தூணில் போய் முட்டி நின்றபோது நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "இந்தாங்க, ஒங்கட மகன் திரும்பவும் மண்டைய ஒடச்சிட்டான்!" என்று கத்தினேன். வீட்டுக்குள்ளிருந்து பதில் வரவில்லை. வேண்டாததைக் கேட்டால் என் புருஷனுக்குக் காது அடைத்துவிடும்.

அலவத்துகொடையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிற மனிதர் அவர். மற்ற ஆம்பிளைகள் ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவார்கள். இவர் இரண்டு வருஷம் முற்றத்தில் குந்தியிருந்து, ஆள் இல்லாமல் தானே ஓடிப் புல் வெட்டும் வண்டியொன்றைக் கட்டினார். எங்கள் கூரையில் ஓர் அன்டெனா, வண்டியின் தலையில் இன்னொன்று. இரண்டும் ஒரே சட்டலைட்டுகளைக் கேட்டு, கூரையிலிருந்து வண்டி எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுமாம். "போன் மேப்புல எங்கட ஊடு சில நேரம் ரோட்டுக்கு நடுவுல ஈக்கி. இது அப்பிடி இல்ல, ஒரு விரல் அகலம் தப்பாது" என்று தேத்தண்ணி குடிக்க வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையடிப்பார். அந்த விரலைப் பார்த்தே எனக்குச் சலித்துப்போயிற்று.

மலைச்சரிவில் எங்கள் வீடும் என் தங்கச்சி றலியாவின் வீடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நடுவே ஒரு மதில், அதில் ஒரு சின்னக் கேற்று. வண்டி எங்கள் முற்றத்தை வெட்டி முடித்து, கேற்றால் புகுந்து, அவள் முற்றத்தையும் வெட்டி, அவளுடைய வாசற்படியில் போய் நிற்கும். அதுதான் அதற்குப் படித்துக் கொடுத்த கடைசி இடம். ஜனவரியில் கேற்றின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரல் இடைவெளி விட்டு அழகாக நுழைந்தது. றலியா கைதட்டிச் சிரித்தாள்.

பிறகு மார்ச்சில் ஒரு தரம் தூணில் உரசியது. நளீர் கூரையில் ஏறி அன்டெனா ஆணியை இறுக்கினார், சரிவரவில்லை. கடைசியில் வண்டியைக் கேற்றுக்கு நடுவில் வைத்து, "இதுதான் கேற்று" என்று புதிதாகப் படித்துக் கொடுத்தார். ஜூனில் அப்படியே. ஆகஸ்டிலும் அப்படியே. ஒவ்வொரு தரமும் சரிவில் மேலேயா கீழேயா, எவ்வளவு மாற்றினார் என்பதைப் பிள்ளையின் பழைய கொப்பியில் எழுதி வைத்தார். வண்டிக்குப் புத்தி இல்லை என்று நானும் அவரும் சேர்ந்தே திட்டினோம்.

அன்றைக்கு ஏதோ கோபத்தில் அந்தக் கொப்பியைப் புரட்டினேன். இரண்டு, மூன்று, ஐந்து சென்டிமீட்டர். மூன்று எண்ணுக்கும் பக்கத்தில் ஒரே சொல்: கீழே.

"பிழையெண்டா ஒரு நாளைக்கி மேல, ஒரு நாளைக்கி கீழ எண்டுதானே ஈக்கோணும்?" என்று கேட்டேன். "இதென்ன, எல்லாம் கீழ?"

நளீர் கொப்பியை வாங்கிப் பார்த்தார். வண்டியைத் தூக்கிக்கொண்டு, ஜனவரியில் அதற்கு முதன்முதல் படித்துக் கொடுத்த இடங்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போனார். எங்கள் கிணற்றடி: பழைய இடத்திலேயே இருக்கிறது. உடுப்புக் கொடிக் கம்பம்: அதுவும் அப்படியே. கேற்று: பதினான்கு சென்டிமீட்டர் கீழே. றலியாவின் வாசற்படி: பதினாறு.

"வண்டி சரியாத்தான் ஓடீக்கி, பஸ்னா" என்றார். "கேற்றுத்தான் நகந்தீக்கி. அவள்ட பக்கம் முழுக்க இறங்குது. நான் ஒவ்வொரு தரமும் அத அழிச்சு அழிச்சு எழுதீக்கிறேன்."

போன வருஷ மழையில் மண்ணுக்குள் போன வீடுகளை நாங்கள் பார்த்தவர்கள். அப்போது ஒரு வாரம் நான் சோற்றில் கை வைக்கவில்லை.

கிராம சேவகருக்குப் போன் பண்ணினோம். "சுவரில் வெடிப்பு இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றோம். நாளைக்கு ஆளோடு வந்து பார்க்கிறேன் என்றார். மழை நாளைக்கு வரையும் காத்திருக்கவில்லை. பின்னேரம் அஸர் தொழுது முடியும்போதே மலை உச்சி கறுத்துவிட்டது.

வீட்டைவிட்டு வரச்சொல்லி நாங்கள் போனபோது றலியா திரைச்சீலைக்கு ஊக்கு மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் பஹீம் கட்டாரில் வேலை செய்கிறார். நாலு வருஷம் அனுப்பிய காசில் எழும்பிய வீடு, அவர் ஓர் இரவுகூட அதில் படுத்ததில்லை. வெள்ளிக்கிழமை வருகிறார்.

"ஒரு கீறல் ஈக்கா, காட்டுங்க பாப்பம்," என்றாள். சுவரில் உள்ளங்கையால் தட்டினாள். புதுப் பெயின்ட் மணத்தது. "மச்சான்ட வெளாட்டுச் சாமானுக்குப் பயந்து நான் ஊட்ட உட்டுட்டு வரோணுமா?"

"கீறல் எப்பிடி வரும்?" என்றார் நளீர். "ஊடும் மதிலும் மண்ணும் எல்லாம் ஒண்டாப் போகுது. சஹன் தட்டோட சோத்தத் தூக்கினா சோறு கலையுமா?"

அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. தன் பிள்ளைகள் இருவரையும் கூப்பிட்டு என் கையில் பிடித்துக் கொடுத்தாள். "இதுகள கூட்டிட்டுப் போங்க ராத்தா. நான் இருந்து பாக்கிறேன். வண்டிய என்ட படியில வெச்சிட்டுப் போங்க. இருவதாகட்டும், வாறேன்."

"உசிருக்கு வெல பேசுறியா?" என்று நான் சீறினேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் உம்மாவுக்கே அடங்காத பிடிவாதக்காரி, எனக்கா அடங்குவாள்?

மழை ஊற்றத் தொடங்கியது. வண்டி அவளுடைய படியில் நனையாமலிருக்க அதன் உடம்பில் பொலித்தீன் சுற்றியிருந்தோம். அது அனுப்பும் எண் என் போனில் வந்துகொண்டிருந்தது. பதினாறு புள்ளி இரண்டு. பதினாறு புள்ளி ஐந்து. இடைக்கிடை குறையும், எனக்கு மூச்சு வரும். பிறகு குறைந்ததற்கும் மேலே ஏறிவிடும். நளீர் எங்கள் வீட்டுக்குள் பிள்ளைகளோடு சுவரோரம் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் றலியா போனில் கூப்பிட்டாள்.

"இப்ப எத்தன?"

"பதினேழு."

"இன்னம் ஈக்கி" என்று வைத்துவிடுவாள்.

எத்தனையில் மலை வருமென்று யாருக்குத் தெரியும்? இருபது என்று அவளுக்கு யார் சொன்னது? நாற்பதுக்கும் நிற்கலாம், பதினெட்டுக்கே வரலாம். மறுபடியும் போன் அடித்தது.

"எத்தன ராத்தா?"

பதினேழு புள்ளி நான்கு.

"இருவது" என்றேன். "றலியா, இருவது தாண்டிட்டுது. ஓடி வா!"

அவளுடைய கதவு திறந்தது. நான் குடை எடுக்காமலே கேற்றுக்கு ஓடினேன். தலையில் ஒரு துவாய், கையில் ஒரு பை, வெறுங்காலோடு அவள் வந்தாள். கேற்றருகே வந்ததும் நின்று என் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். மழைத்துளியைப் பெருவிரலால் துடைத்துவிட்டு எண்ணைப் பார்த்தாள்.

"பொய் சென்னீங்களா?"

அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"உடுங்க ராத்தா. அவர் வெள்ளிக்கிழம வாறார். உடுங்க!" அழுகையோடு இழுத்தாள். அவளுக்கு என்னைவிடப் பலம். என் கால் சேற்றில் சறுக்கியது, கீழே பார்த்தேன்.

முற்றத்து வெள்ளமெல்லாம் வழக்கம்போல் கேற்றடிக்கு வந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டி வடிகாணுக்குப் போகவில்லை. அவளுடைய காலுக்கும் என்னுடைய காலுக்கும் நடுவில், நூல் பிடித்த மாதிரி மண்ணில் விழுந்திருந்த ஒரு கீறலுக்குள், சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. றலியாவும் அதைப் பார்த்தாள். இழுப்பதை நிறுத்திவிட்டாள்.