தண்ணீருக்கு மட்டும் திறக்கும் கதவு

பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள் நான். செல்லின் சவ்வைக் கரும்பலகையில் வரைந்து வரைந்து கை பழகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டும் வரைவேன். ஆனால் அதை மனதார மெச்சியது, என் இடது சிறுநீரகத்தைத் தம்பிக்குக் கொடுத்த பிறகுதான். என்னிடமிருந்து எடுத்து, ஐஸில் வைத்து, அவனுக்குள் தைத்தார்கள். அந்தக் குளிரில் செல்களின் சவ்வில் உள்ள பம்புகள் எல்லாம் வேலையை நிறுத்தியிருக்கும். சூடான ரத்தம் ஏறியதும், இது யார் உடம்பு, என்ன ஊர் என்று ஒரு வார்த்தை கேட்காமல், சோடியத்தை வெளியே தள்ளவும் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கவும் ஆரம்பித்துவிட்டன. ஆபரேஷன் மேசையிலேயே சிறுநீர் வந்ததாம். புதுப் பள்ளிக்கு மாற்றலாகிப் போனால் எனக்கு உட்கார நாற்காலி கிடைக்கவே ஒரு வாரம் ஆகும்.

இரண்டு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியது. சிறுநீரகம் கழிவைச் சரியாக வெளியேற்றவில்லை என்று அதற்கு அர்த்தம். அடுத்த முறை இன்னும் ஏறியது.

"தண்ணி நல்லா குடிக்கிறாரா?" என்று டாக்டர் கேட்டார்.

"நானே ஊத்திக் குடுக்கறேன் டாக்டர். வாங்கி வாங்கிக் குடிக்கிறார்" என்றாள் தம்பி மனைவி.

அப்படியானால் உடம்பு புதுச் சிறுநீரகத்தை ஏற்க மறுக்கிறதோ என்னவோ, ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று நாள் குறித்தார். கொடுக்க என்னிடம் இன்னொன்று இல்லை.

ஊசிக்கு முந்தைய நாள், மதியம் போல அவர்கள் வீட்டுக்குப் போனேன். தம்பி முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். இவன் டம்ளரோடு எழுந்து வாஷ்பேசினுக்குப் போனான். ஒரு வாய் எடுத்தான், உருட்டினான், துப்பினான். இன்னொரு வாய். இன்னொன்று. மீதியைச் சத்தமில்லாமல் சாய்த்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

"என்னடா பண்ற?"

"வாய் கொப்பளிச்சேன்க்கா."

"தினமும் இதுதானா?"

அவன் டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். சமையலறை வாசலில் அவன் மனைவி கரண்டியோடு நின்றிருந்தாள். "குடிச்சுட்டேன்னு சொன்னீங்களே" என்றாள், மெதுவாக.

இந்தக் கொப்பளிப்பு எங்கிருந்து வந்தது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். டயாலிசிஸில் இருந்த காலத்தில் தண்ணீர்தான் அவனுக்கு எதிரி. குடித்தது வெளியே போக வழியில்லை. ஒரு கல்யாண வீட்டில் தாகம் தாங்காமல் ஒரு சொம்பு குடித்துவிட்டு, நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் போனான். அதன் பிறகு நாக்கை மட்டும் நனைத்துத் துப்பக் கற்றுக்கொண்டான். தெரிந்தும் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"நான் வயித்தக் கிழிச்சுக் குடுத்திருக்கேன். நீ தண்ணிய பேசினுக்கு ஊத்திக் குடுக்கறியா?"

"மொதல்ல பழக்கதோஷம்தான்க்கா. நம்பர் ஏறுதுன்னு சொன்னாங்க பாரு, அப்புறம் பயம் வந்துடுச்சு." அவன் என்னைப் பார்க்காமல் பேசினான். "குடிச்சு, அது வெளிய வரலன்னா? உன்னோடது செத்துப்போச்சுன்னு தெரிஞ்சுடும். குடிக்காம இருந்தா, உயிரோட இருக்குன்னு நெனச்சுக்கலாம்ல."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அப்புறம் ஒன்று உறைத்தது.

"மூத்திரம் என்ன நிறத்துல போற?"

அவன் நெளிந்தான். மனைவிதான் சொன்னாள். "கொஞ்சமாத்தான் போறார் அண்ணி. ஆனா தேன் நிறம்."

எனக்கு அங்கேயே குதிக்கவேண்டும் போலிருந்தது. உடம்பில் நீர் குறைந்தால் மூளை ஒரு சேதி அனுப்பும். சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்கள் உடனே, தங்களுக்குள் மடித்து வைத்திருக்கும் கதவுகளைச் சவ்வின் மேல் கொண்டுவந்து பொருத்தும். தண்ணீருக்கு மட்டுமான கதவுகள் அவை. மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகவேண்டும். உப்பு தலைகீழாக நின்றாலும் உள்ளே விடாது. உப்பைத்தான் பம்புகள் ஏற்கெனவே குழாய்க்கு வெளியே குவித்து வைத்திருக்கின்றனவே, அதைத் தேடித் தண்ணீர் தானாகப் போகும். போனது ரத்தத்தில் சேரும். மிஞ்சுவதுதான் அந்தத் தேன் நிறம். பழுதான சிறுநீரகத்துக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. கொஞ்சமாக விட்டாலும் வெளிறியதாகத்தான் விடும்.

"அது சாகலடா. நீ தரலன்னதும், இருக்கற தண்ணிய உனக்காகப் பிடிச்சுப் பிடிச்சு வைக்குது. பட்டினி போட்டவனுக்கே சமைச்சுப் போட்டுட்டிருக்கு."

டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் நிறத்தை இரண்டு முறை கேட்டார். "தண்ணி பத்தாமலே நம்பர் ஏறியிருக்கலாம். குடிக்கச் சொல்லுங்க. காலைல ரத்தம் பாத்துட்டு ஊசியப் பத்திப் பேசலாம்" என்றார்.

தம்பி மனைவி டம்ளரில் ஊற்றினாள். பாதியில் கை தானாக நின்றது. அவளுக்கும் பல வருஷத்துப் பழக்கம். "ரொப்பும்மா" என்றேன். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கசப்பு மருந்து போலக் குடித்தான். தொண்டை ஏறி இறங்குவதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் இன்னொன்று, சற்றுப் பொறுத்து இன்னொன்று. டிவியில் யாரோ எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கணித்தது தப்பாக இருந்தால்? பலகையில் தப்பாக எழுதினால் அழித்துக்கொள்ளலாம்.

வெயில் இறங்கும் நேரத்தில் அவன் எழுந்து பாத்ரூமுக்குப் போனான். அவன் மனைவி எழுந்து பின்னாலேயே போனாள். வெட்கத்தை விட்டு நானும் போனேன். கதவுக்கு வெளியே நின்றோம்.

"கேக்குதா அண்ணி?"

கேட்டது. நிற்காமல் கேட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கதவைத் திறந்தவன் எங்களைப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையா?" என்றான். "நிறம்?" என்றேன். "வெளிர் மஞ்சள், டீச்சர்" என்றான்.

மறுநாள் காலையில் எண் இறங்கியிருந்தது. ஊசி இப்போதைக்கு வேண்டாம், தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் தம்பி ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி, நின்ற இடத்திலேயே பாதியைக் குடித்தான். சட்டையெல்லாம் நனைந்தது.

"அக்கா, உன்னோடது நல்லா வேலை செய்யுது" என்றான்.

"என்னோடது இங்க இருக்கு" என்று என் வலது விலாவைத் தட்டிக் காட்டினேன். "அது உன்னோடதுடா."