எட்டுத் தோசைக்கு ஒரு கல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு குக்கர் வாஷரால் வந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டல் பாத்திரங்களும் அடுப்புகளும் விற்கும் ஒரு கடைக்கு வாஷர் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். நீலச் சீருடைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. கைப்பையிலிருந்து ஓர் அடி நீள ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். விற்பனைக்கு வைத்திருந்த மேசை அளவுத் தோசைக்கல் ஒன்றின்மேல் அதை விளிம்பு பட நிறுத்தினார். பிறகு முழங்காலை மடக்கி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஸ்கேலுக்கும் கல்லுக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார்.

"அக்கா, இது தோசைக்கல்லுதான். ராக்கெட்டு பார்ட்ஸ் இல்ல" என்றார் கடைக்காரர்.

"தெரியுது. நடுவுல மேடா கீது. வேற காட்டுங்க."

நான் பார்த்தது இவ்வளவுதான். வாஷர் கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். அவர் பெயர் தெரியாது. எதை வாங்கினார், வாங்கினாரா இல்லையா, அதுவும் தெரியாது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. (வீட்டுக்கு வந்து பார்த்தால் வாஷர் அளவு சரியில்லை. நானும் ஒரு ஸ்கேல் கொண்டு போயிருக்கலாம்.)

2

அவருக்கு இசைவாணி என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்த உரிமையில் இனி 'அவள்'. முதல் வரி இப்படி வந்தது:

ஒரகடத்தின் புகைபோக்கிகளுக்குப் பின்னால் சூரியன் மெல்ல

இல்லை. நான் பார்த்த ஒரகடத்தில் கண்ணில் படுவதெல்லாம் நீலத் தகரக் கூரைகளும், லாரிகளும், லாரிகளுக்கு நடுவே புகுந்து வரும் ஷிப்ட் பஸ்களும்தான். சரி, இன்னொன்று:

தனிமை என்பது சூடேறாத ஒரு கல்லின்

இது எனக்கே கூச்சமாக இருந்தது. இரண்டையும் அடிக்காமல் விட்டிருக்கிறேன், நான் எங்கெங்கே வழுக்குவேன் என்று உங்களுக்குத் தெரியட்டும். இனி நேராகச் சொல்கிறேன்.

இசைவாணிக்கு ஒரகடத்தில் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. பிரஸ்ஸிலிருந்து வரும் தகடுகள் தட்டையாக இருக்கின்றனவா என்று சோதிப்பவள். மயிரிழை வளைந்திருந்தாலும் சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவாள். கணவன் நரசிம்மன் அதே தொழிற்சாலைக்கு ஷிப்ட் பஸ் ஓட்டுகிறான். வல்லக்கோட்டைப் பக்கம் வீடு. சமையலறையில் ஓர் ஆள் நிற்கலாம். இரண்டாவது ஆள் வந்தால் ஒருவர் ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் வீட்டுக்குப் பின்னால் முருங்கை நிழலோடு தாராளமான இடம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, அவளோடு சோதனை மேசையில் வேலை பார்க்கும் ஆறு பெண்கள் அந்தப் பின்புறத்துக்கு வருவார்கள். பாதிப் பேர் தெற்கிலிருந்து வந்து விடுதி அறைகளில் தங்கியிருப்பவர்கள். விடுதிச் சாப்பாட்டில் நாக்கு செத்துப்போய், வந்ததும் முறுகல் தோசை கேட்பார்கள். இசைவாணி உள்ளே நின்று ஒவ்வொன்றாகச் சுட்டு அனுப்புவாள். வெளியே முருங்கையடியில் சிரிப்பு வெடிக்கும். சமையலறைக்குச் சிரிப்பு மட்டும் வரும், எதற்குச் சிரித்தார்கள் என்பது வராது.

"இன்னாடி, இன்னாடி?" என்று கரண்டியோடு எட்டிப் பார்ப்பாள்.

"அது அப்பமே முடிஞ்சிட்டுக்கா" என்பாள் திருச்செந்தூர்ப் பக்கத்து மாரிசெல்வி. எல்லோரும் கை கழுவிய பிறகு, இசைவாணி தன் தோசையைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள்.

இதை யாரிடமும் அவள் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் ஒருநாள் லைனில் ஓர் அறிவிப்பு வந்தது: அடுத்த மாதத்திலிருந்து சோதனை மேசை மூன்று ஷிப்டாகப் பிரிக்கப்படும், வார விடுமுறையும் ஆளுக்கொரு நாள். அப்படியானால் ஏழு பேரும் சேர்ந்து உட்கார இந்த மாதத்து ஞாயிறுதான் இருக்கிறது. வெளியில் வைக்கிற மாதிரி, எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தோசை ஊற்றுகிற மாதிரி ஒரு பெரிய கல் வேண்டும் என்று அன்று மாலை பஸ்ஸில் முடிவு செய்தாள்.

3

நரசிம்மன் விஷயத்தில் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். முதல் வரைவில் அவனைக் கஞ்சனாக எழுதியிருந்தேன். 'ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு எதுக்கு இவ்ளோ பெரிசு' என்று அவன் கத்துவான், இவள் அழுவாள், கதை தானாக ஓடும். ஆனால் எழுத எழுத அந்த ஆள் ஒத்துழைக்கவில்லை. தொழிற்சாலை வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஷிப்ட் விடும்வரை கைபேசியில் சமையல் வீடியோ பார்க்கிறவன் அவன். இசைவாணி வாயைத் திறப்பதற்குள் அவனே ஒரு பெரிய தோசை அடுப்பின் படத்தை நீட்டினான்.

"இத்தப் பாரேன். பளபளன்னு ஸ்டீலு, மேல மூடி, சைடுல டேபிளு, கீழ சக்கரம். முன்னாடி நிறுத்துனா தெருவே பாக்கும்."

"தெரு பாக்கட்டும். தோசை வேவுமா?"

"பர்னர் கீது, கேஸ் கீது, ஏன் வேவாது?"

"தகடு இன்னா கனம்னு போட்டுக்கீதா?"

அவன் திரையை மேலும் கீழும் தள்ளினான். போடவில்லை.

ஆக, பிரச்சினை வாங்குவதா வேண்டாமா என்பதல்ல. எது என்பதுதான். கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவர்கள் இவ்வளவு உற்சாகமாகச் சண்டை போட்டதில்லை. சாம்பாருக்கு நடுவில், பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் அவள் இறங்கும் படியில்கூட. "சக்கரம்" என்பான் அவன். "கனம்" என்பாள் அவள்.

4

கடைக்காரருக்குக் கண்ணப்பன் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஸ்கேல் சோதனையில் பளபளப்பு ஸ்டீல் தோற்றது. நடுவில் மேடு, இரண்டு பக்கமும் வெளிச்சம்.

"சூடு பட்டா இன்னும் வளையும். எண்ணெ எல்லாம் ஓரத்துக்கு ஓடிடும்" என்றாள் இசைவாணி. நரசிம்மன் அந்தப் பளபளப்பைக் கடைசியாக ஒருமுறை தடவிக் கொடுத்தான்.

இரண்டாவது, ஒற்றைப் பர்னர் வைத்த இரும்புக் கல். கனம் சரி, மட்டம் சரி. "பத்த வைங்க" என்றாள். சூடேறியதும் தண்ணீரைக் கையால் தெளித்தாள். நடுவில் விழுந்த துளிகள் குதித்து ஓடின. ஓரத்தில் விழுந்தவை குளம்போல் நின்றன.

"நடுவுல கீறவளுக்கு முறுகல், ஓரத்துல கீறவளுக்கு மாவு. எனுக்கு எல்லாருக்கும் ஒரே நேரத்துல வேவணும்ணே."

இதற்குள் கண்ணப்பனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. உள்ளே போய், பையன்களைக் கூப்பிடாமல் தானே ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். நாலடி நீளம், இரண்டடி அகலம். விரல் கனத்துக்கு இரும்பு. மூன்று பர்னர், மூன்றுக்கும் தனித்தனித் திருகு. முன்னால் எண்ணெய் வழிய ஒரு வாய்க்கால். ஸ்கேலை எங்கே வைத்தாலும் வெளிச்சம் தெரியவில்லை. தண்ணீர் தெளித்தாள், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை துளிகள் ஒன்றாக ஆடின.

"இப்ப?" என்றார் கண்ணப்பன், பரீட்சை எழுதி முடித்தவரைப்போல.

"அந்த ஸ்டாண்ட் ஃபேன இந்தப் பக்கம் திருப்புங்க."

"ஃபேனா?"

"வெளில வைக்கப் போறேன். காத்து அடிக்கும்ல?"

ஃபேன் சுற்றியது. ஓரத்துப் பர்னர் படபடத்து அணைந்தது. கண்ணப்பன் மூன்று தகடுகளைத் தேடி எடுத்து, மூன்று பக்கமும் மறைப்பாக நிறுத்தி, மறுபடி பற்ற வைத்தார். இந்த முறை நெருப்பு நின்றது.

"இருவது வர்சமா கடை வெச்சிக்கினு கீறேன். ஃபேனப் போட்டு அடுப்பு வாங்கன மொத ஆளு நீதான்க்கா. இந்த மறைப்ப வெல்டு அடிச்சே குடுத்துடறேன்."

இசைவாணி கணவனைப் பார்த்தாள். அவன் கல்லின் நாலு கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே," என்றாள், "இதுக்கு சக்கரம் மாட்டித் தருவீங்களா?"

நரசிம்மனின் முகத்தை நான் வர்ணிக்கப்போவதில்லை. நீங்களே பார்த்திருப்பீர்கள்.

5

(புதுக் கல் உடனே சொன்னபடி கேட்காது. துருப் பிடிக்காமலிருக்கத் தடவியிருக்கும் பூச்சைச் சுரண்டிக் கழுவ வேண்டும். மெல்லிசாக எண்ணெய் தடவிப் புகைய விட வேண்டும், ஆறவிட்டு மறுபடி தடவ வேண்டும். வெள்ளி, சனி இரண்டு மாலையும் நரசிம்மன் பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்திக்கொண்டு கல்லைத் தேய்த்தான். இரும்பு முதலில் நீலமாகி, பழுப்பாகி, கடைசியில் கறுத்து மினுங்கியது. 'ஸ்டீலவிட இதான் பளபளப்பு' என்று தன் கண்டுபிடிப்பைப்போலச் சொன்னான்.)

6

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

அ) ஞாயிறன்று மழை.

ஆ) கல் சூடானதும் சிலிண்டர் தீர்ந்துபோகிறது.

இ) சனிக்கிழமை மதியம் சூப்பர்வைசர் வந்து, "நாளைக்கு லைன் ஃபுல்லா ஓ.டி." என்கிறார்; ஞாயிறும் எல்லோருக்கும் கூடுதல் வேலை.

மூன்றாவதை எழுதிவிட்டு எழுந்துபோய் டீ குடித்தேன். கொடுமையான, நம்பும்படியான முடிவு. ஒரகடத்தில் யாரைக் கேட்டாலும் தலையாட்டுவார்கள். 'இசைவாணி மாவுப் பாத்திரத்தை மூடினாள்' என்று ஒரு வரி போட்டு நிறுத்தினால் இலக்கியத்தரமாகவும் இருக்கும்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது ஒன்று உறைத்தது. ஓ.டி. என்றால் ஏழு பேரும் ஒரே இடத்தில்தானே இருப்பார்கள்? அவர்களை வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் பஸ்ஸை ஓட்டுகிறவன் யார்?

ஆகவே ஓ.டி. இருக்கட்டும். முடிவு மட்டும் அதுவல்ல.

7

ஞாயிறு மதியம் மூன்றரை மணிக்கு வல்லக்கோட்டைச் சாலையில் நரசிம்மன் பஸ்ஸை ஓரம் கட்டினான். மற்றவர்களை எல்லாம் இறக்கிவிட்டாகிவிட்டது. ஏழு பெண்கள், ஏழு நீலச் சட்டைகள், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இறங்கினார்கள். காலை ஆறிலிருந்து நின்றே வேலை பார்த்த கால்கள். ஆனாலும் பின்புறம் போனதும் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள்.

"யக்கா!" என்றாள் மாரிசெல்வி. "இது அடுப்பா, இல்ல கட்டிலா?"

மாவு வெயிலுக்குப் பொங்கி, மூடியைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தது. நரசிம்மன் சிலிண்டரைத் தள்ளி வைத்துக் குழாயை மாட்டினான். இசைவாணி எண்ணெய் விட்டாள். எண்ணெய் பூராவும் வலது மூலைக்கு ஓடியது.

யாரும் யோசிக்காத ஒன்று. துணி துவைக்கும் தண்ணீர் வடிய, தரையைச் சரிவாகப் பூசியிருந்தார்கள்.

கடையில் ஃபேன்வரை போட்டுப் பார்த்தவள், தன் வீட்டுத் தரையைப் பார்க்கவில்லை.

"நீங்க சும்மா நில்லுங்கக்கா" என்றாள் மாரிசெல்வி. பக்கத்திலிருந்த காய்கறிக் கூடையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கல்லின் நடுவில் வைத்தாள். அது உருண்டது. "எண்ணே, ரெண்டு ஓட்டுத் துண்டு இருக்கா?"

அதன் பிறகு நடந்ததை எழுத எனக்குக் கை போதவில்லை. நாளெல்லாம் மட்டம் பார்த்துச் சம்பளம் வாங்கும் ஏழு பேர் ஒரு தோசைக்கல்லைச் சுற்றிக் குனிந்தார்கள். "இந்தக் கால தூக்கு." "ரொம்பத் தூக்கிட்ட." "ஒரு அட்டை செருகு." "அட்டையில்ல, ரெண்டு அட்டை." "ரிஜெக்ட்டு!" என்று ஒருத்தி கத்த, சிவப்புப் பெட்டியைத் தேடுவதுபோல இன்னொருத்தி ஓடினாள். நரசிம்மன் சக்கரங்களைப் பூட்டிவிட்டு, தன் சக்கரத்தால் வந்த வினை இல்லையே என்று கேட்டுக்கேட்டு உறுதி செய்துகொண்டான். கடைசியில் எலுமிச்சம்பழம் வைத்த இடத்தில் நின்றது. ஆறு பேர் கைதட்டினார்கள். இசைவாணி சீருடைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றாள். அங்கே யாரும் வெங்காயம் நறுக்கவில்லை.

மேல் வரிசையில் நாலு, கீழ் வரிசையில் நாலு. எட்டுக் கரண்டி மாவு சுற்றிச் சுற்றி விரிந்தது. முதல் தோசை ஒட்டியது, அதை நரசிம்மன் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டான். மற்ற ஏழும் ஒன்றாகச் சிவந்து, ஒன்றாக விளிம்பைத் தூக்கின. இசைவாணி தன் தட்டை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். அப்போதுதான் மாரிசெல்வி, அன்று காலை சூப்பர்வைசர் கையுறையைத் தேடிய கதையை ஆரம்பித்தாள். ஆரம்பத்திலிருந்து. இசைவாணிக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த மாதம் ஷிப்ட் பிரிந்த பிறகு இவர்கள் மறுபடி கூடினார்களா என்று கேட்பீர்கள். அதை எழுத எனக்கு மனமில்லை. எழுதினால் யாரையாவது பஸ்ஸில் ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கும். இப்போது யாரும் எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. இரண்டாம் ஈடு ஊற்றப்போகிறார்கள். மாரிசெல்வி மட்டும் வயிற்றைத் தட்டிக் காட்டி, "எனக்குப் போதும், தாயி" என்றுவிட்டாள். அதனால் கீழ் வரிசையில் ஓர் இடம் காலி. கல் நல்ல சூட்டில் இருக்கிறது.

"யாருக்குடி இது?" என்று கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள் இசைவாணி.

சொல்லுங்கள். முறுகலா, மெத்தென்றா?